பில்லின் அடிவரி

லாஸ்பேட்டையில் சத்யப்பிரியா நடத்தும் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் விஜயராகவன், சென்ற மாசி மாதம் சொல்லக் கேட்டது இது.

தேங்காய்த்திட்டு துறைமுகத்தருகே மீன் விற்கும் பெண்களின் சங்கத்துக்கு, பில் போடப் பன்னிரண்டு கணினிகள் தேவைப்பட்டன. போட்டியில் மிஞ்சியவர்கள் இருவர். டவுனில் பெரிய கடை வைத்திருக்கும் ஜானகிராமன், விண்டோஸ் போட்டுத் தருவதாகச் சொன்னார். சத்யப்பிரியா லினக்ஸையும், அதில் மட்டுமே ஓடுகிற, தானே எழுதிய பில் மென்பொருளையும் கொண்டுவந்திருந்தாள். இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் மாதக் கடைசியில் நிறுவனத்தை மூடிவிடுவது என்பது அவள் முடிவு.

"தலைவரம்மா, லினக்ஸு ஓசியில கெடைக்கறது. இந்தத் தங்கச்சியோட சாஃப்ட்வேரும் அப்பிடித்தான். நெட்டுல போட்டு வச்சிருக்கு, போறவன் வரவன்லாம் எடுத்துக்கலாம். ஓசிச் சரக்க நம்பி எவனாவது தொழில் பண்ணுவானா?" என்றார் ஜானகிராமன்.

சங்கத் தலைவி சின்னப்பொண்ணு சத்யப்பிரியாவைப் பார்த்தார். "ஏம்மா, எவன் வேணா எடுத்துக்கலாம்னா, ஒனக்கு நாங்க எதுக்குக் காசு குடுக்கணும்?"

"மிஷினு நின்னா நான் ஓடியாருவேன்க்கா. காசு அதுக்குத்தான். நான் சரியில்லன்னா என்னைத் தொரத்திட்டு வேற ஆள வச்சிக்கலாம். சாஃப்ட்வேரு ஒங்ககிட்டயே இருக்கும்."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. டவுன்ல பெரிய கட ஒண்ணே ஒண்ணு இத வச்சிருக்குதா? சொல்லச் சொல்லுங்க!" என்று இடைமறித்தார் ஜானகிராமன்.

சத்யப்பிரியாவின் கண் மேசைமேல் இருந்த ஜானகிராமனின் கொட்டேஷன் தாளில் இருந்தது. வந்ததுமே அதைக் கடைசி வரி வரை படித்துவிட்டிருந்தாள்.

"ஒரு கட இருக்கு. பேரு நான் சொல்ல மாட்டேன்."

"இருந்தாத்தானே சொல்றதுக்கு!"

பெண்கள் சிரித்தார்கள். சத்யப்பிரியா தலை குனியவில்லை.

சின்னப்பொண்ணு கொட்டேஷனை எடுத்து நிதானமாகப் படித்தார். அடிக்கு வந்ததும் நிறுத்தினார். மாதிரிக்காகச் சத்யப்பிரியா அடித்துக் கொடுத்திருந்த பில்லை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது ஒங்க கடையில அடிச்சதா சார்?"

"எங்க மிஷின்லயே அடிச்சதும்மா. எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்க."

"கம்ப்யூட்டர் விக்கற கடைக்கு இது எதுக்கு சார்?" உரக்கப் படித்தார்: "'அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள்.'"

அமாவாசையன்று ஊரில் பாதி வீடுகளில் மீன் வாங்க மாட்டார்கள்; அதற்கேற்பச் சரக்கைக் குறைத்து எடுக்க வேண்டும். மீன்காரப் பெண்கள் கேட்டதற்காகச் சத்யப்பிரியா தன் பில்லில் சேர்த்த வரி அது. தாளின் உச்சியில் வரும் அவள் பெயரைக் கவனமாக நீக்கிய ஜானகிராமன், இதை ஏதோ காலண்டர் விஷயம் என்று விட்டுவிட்டிருந்தார்.

"அப்ப சார் கடையிலயும் ஓசி லினக்ஸுதான் ஓடுதா?"

"மீன்கார சாரே, எறா என்ன வெல?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"சிரிக்காதீங்கக்கா," என்றாள் சத்யப்பிரியா. "எடுத்துக்கத்தானே வச்சிருக்கேன், அவர் எடுத்ததுல தப்பில்ல. பெரிய கடையையே தாங்குதுன்னு அவர்தான் காட்டியிருக்காரு."

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்னடி?" என்றார் சின்னப்பொண்ணு.

"என் சாஃப்ட்வேர வச்சிருக்கறவர சபையில காட்டிக் குடுத்தா, நாளைக்கி ஒங்களையும் காட்டிக் குடுப்பேன்னு நெனைக்க மாட்டீங்களாக்கா?"

ஆர்டர் லாஸ்பேட்டைக்குப் போயிற்று.

முதலியார்பேட்டையில் இதைச் சொல்பவர்கள், ஜானகிராமன் அன்றே மன்னிப்புக் கேட்டார் என்று முடிக்கிறார்கள். நெல்லித்தோப்பில், ஆர்டரை இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். ஜானகிராமன் கடையிலோ, அப்படி ஒன்று நடக்கவே இல்லை, அத்தனையும் கட்டுக்கதை என்று சாதிக்கிறார்கள்.

அங்கே சென்ற வாரம் நான் வாங்கிய மவுஸுக்குக் கொடுத்த பில்லின் அடியில் இருந்த வரி: 'அமாவாசைக்கு இன்னும் ஐந்து நாள்.'