பாட்டுக் கேள்வி

"இந்த வாரம் ஏதாவது பாட்டை முணுமுணுத்தீங்களா?" என்று மனநல ஆலோசகர் கேள்வித்தாளிலிருந்து வாசித்ததும் பேராசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மனச்சோர்வை அளக்க நானும் எங்க வீட்டுக்காரரும் எழுதின கேள்விகள்ல, இதுக்குத்தாம்மா பெரிய சண்டை. ஆராய்ச்சிக் கணக்குக்கு ஒத்துவரலை, தூக்கிடுங்கன்னேன். 'சிகிச்சைக்கு வர்றவங்ககிட்ட இதைக் கேட்டாத்தான் மனசு விட்டுப் பேசறாங்க'ன்னு அவர் ஒத்தக்கால்ல நின்னார்."

"யார் மேடம் ஜெயிச்சது?"

"ரெண்டு பேரும்தான். சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து, ரெண்டு பக்கமும் உதவற மாதிரி வார்த்தையை மாத்தி மாத்தி எழுதினோம். அவர் பாடிக்கிட்டேதான் எழுதுவார். சுருதிதான் சேராது!"

ஆலோசகரும் சிரித்தார். பிறகு மெல்லக் கேட்டார், "உங்க பதில் என்ன மேடம்?"

சிகிச்சைக்கு வந்திருப்பது தான்தான் என்பது அப்போதுதான் பேராசிரியைக்கு உறைத்தது.

"அவர் போனப்புறம் வீட்டுல பாட்டே இல்லைம்மா" என்றவர், முதன்முறையாக வாய்விட்டு அழுதார்.