நடுவில் நிறுத்த முடிகிற போர்

கிட்வே நகரத்துக் கணினி விளையாட்டுக் கடையில், கடைக்காரன் கபூட்டோ திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே இரண்டு பெட்டிகளை, விளையாட்டு வாங்க வந்த முத்தாலேயின் முன்னால் தள்ளினான்.

"ரெண்டுமே விண்வெளிப் போர்தான். எது வேணும்?"

"எதுல பாதியில நிறுத்திட்டு, அப்புறம் விட்ட இடத்துலேருந்து ஆடலாம்?"

கபூட்டோவுக்குச் சிரிப்பு வந்தது. "எல்லாரும் கிரகம் எத்தனை, கப்பல் எத்தனைன்னு கேப்பாங்க. நீங்க என்னம்மா! சோளக்களியைப் பாதி கிண்டிட்டு அடுப்பை அணைப்பீங்களா? இந்தச் சின்னப் பெட்டி தானாவே அப்பப்ப சேமிச்சுக்கும், பயந்தாங்கொள்ளிங்களுக்கு. பெரிய பெட்டியில போர் முடியற வரைக்கும் சேமிக்கவே முடியாது. நான் ஆடறது அதுதான். வீரனுக்கானது."

"போர் நடுவுல கரண்ட் போனா?"

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க. நேத்து ஜெயிக்கற நேரத்துல மொத்தப் படையும் போச்சு. கேட்டா, அணையில தண்ணி இல்லையாம்! மின்வாரியத்துல எவனோ ஒரு தூங்குமூஞ்சி சுவிட்சை இறக்கிட்டான். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

"என் வீட்டுக்காரரும் நேத்து இதே மாதிரிதான் கத்தினார். அதுலேருந்து என்கூடப் பேசறதே இல்ல."

"கரண்ட் போனதுக்கு உங்க மேல எதுக்கும்மா கோவம்?"

முத்தாலே சின்னப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பணத்தை நீட்டினாள்.

"அந்தத் தூங்குமூஞ்சி நான்தான். இப்பவும் டியூட்டிக்குத்தான் போறேன். இன்னிக்கும் உங்க தெருவுக்குத்தான் முறை, வீரரே. படையைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிடுங்க."