ஒரு சிட்டிகை நைட்ரஜன்

சூடேற்றியின் திரையில் எழுபது டிகிரி என்று வந்தபோதே அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

நுண்ணோக்கிக்கு அடியில், உப்புக்கல்லில் பாதிகூட இல்லாத லேசர் சில்லு ஒன்று கிடந்தது. அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாத ரகம். பக்கத்திலிருந்த மீட்டரில் ஓடும் எண்தான் சாட்சி.

"இதுக்கு மேல தாங்காதும்மா. சூடு ஏறினா எலக்ட்ரான் எல்லாம் பொங்கி வழிஞ்சிடும், வெளிச்சம் படுத்துடும்," என்றார் ஆய்வகத் தலைவியிடம்.

அவர் சொன்னது நிஜம். கண்ணாடி இழை வழியே கடல் தாண்டிச் செய்தி அனுப்பும் லேசர்களுக்கு அதுதான் தீராத வியாதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு குளிரூட்டியைக் கட்டி அழ வேண்டியிருந்தது.

"இது வேற கலவை," என்றாள் தலைவி. "இண்டியம், காலியம், ஆர்சனிக். கூட ஒரு சிட்டிகை நைட்ரஜன்."

அவர் புருவம் உயர்ந்தது.

"நைட்ரஜனா? படிகத்துக்குள்ள அது ஒட்டவே ஒட்டாதே!"

"ஒட்ட வெக்கறதுக்குள்ள உயிர் போய் உயிர் வந்துடுச்சு."

சோதனைக்கு வளர்த்த எத்தனையோ படிகத் தகடுகள் குப்பைக்குப் போயிருந்தன. இது வேலைக்காகாது என்று மேலிடம் கைகழுவியது. குழுவில் பாதிப் பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். போன வாரம்தான் முதல் சில்லு தேறியது. அதை அவருக்குக் காட்டியே தீர வேண்டும் என்று, இன்று காலை அவளே காரோட்டி அழைத்து வந்திருந்தாள்.

எண்பது.

எண்பத்தைந்து.

மீட்டரின் எண் சற்றே இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது; வெளிச்சம் படுக்கவில்லை.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கைதட்டினார். குழுவினரும் தட்டினார்கள். யாரும் அவர் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

"பலே! இந்த நைட்ரஜன் யோசனை யாருக்கும்மா வந்துச்சு?"

கைதட்டல் நின்றது. ஒருவர் தேவையே இல்லாமல் ஏதோ கம்பியைச் சரிசெய்யக் குனிந்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு," என்றாள் தலைவி.

"குடுத்து வெச்சவங்க நீங்க. அந்த மனுஷனை நான் ஒரு தரம் பாக்கணுமே. இங்கதான் இருக்காரா?"

அவள் அருகே போய், அவர் பெயரே தைத்திருந்த அந்தப் பழைய வெள்ளை அங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பழக்கப்பட்டவர்போல அவரும் கைகளை லேசாகத் தூக்கிக் கொடுத்தார்.

"எனக்கும் அவரைப் பாக்கணும் போலத்தான் இருக்கு," என்றாள். "வாங்க, நம்ம வீட்டுக்குப் போலாம்."