நடுவில் நின்ற மருந்து

ஒரு லாரியின் கியர்பெட்டிக்குள் பெரிய பல்சக்கரமும் சின்னப் பல்சக்கரமும் இருந்தன. லோடு வண்டி மலை ஏறினால் போதும், "நான்தான்டா இழுக்கிறேன்!" என்று இரண்டும் நறநறவென்று மோதிக்கொள்ளும். வெட்கமே கிடையாது. உதிரும் இரும்புத்தூளை எல்லாம் அடியில் ஆயிலை வடிக்கும் போல்ட்டின் நுனியில் இருந்த காந்தம் தின்றுகொண்டிருந்தது.

"இன்னும் நாலு மலை ஏறினா ரெண்டு பேரும் பழைய இரும்புக் கடைக்குத்தான். உங்க பல்லெல்லாம் என் வயித்துல இருக்கு," என்றது காந்தம்.

ஒருநாள் மெக்கானிக் அந்தக் காந்தத்தைத் துடைத்து மாட்டிவிட்டு, புது ஆயிலோடு, தேய்மானத்தைத் தடுக்கும் ஒரு சின்ன டப்பா மருந்தையும் ஊற்றினார்.

"நீ எதை இழுக்கப்போற?" என்று சிரித்தது பெரிய சக்கரம்.

"எதையும் இல்ல. உங்க நடுவுல நிப்பேன்," என்றது மருந்து.

மறுநாள் லாரி சிமெண்ட் மூட்டைகளோடு மலை ஏறியது. வழக்கமாக ஏழாவது வளைவிலேயே அலறல் கிளம்பிவிடும். அன்றும் சக்கரங்கள் முறைத்துக்கொண்டு மோத வந்தன. ஆனால் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே மெல்லிய படலமாக மருந்து நின்றது. விழுந்த அடியையெல்லாம் தானே வாங்கிக்கொண்டது. பத்தாவது வளைவு போனது, இருபதாவதும் போனது. சத்தமே இல்லை.

"வண்டி நின்னுடுச்சா?" என்று பதறியது சின்னச் சக்கரம்.

"உச்சிக்கே வந்தாச்சுடா!" என்றது பெரியது. "யார் இழுத்தது தெரியுமா? நான்..."

அடியிலிருந்து காந்தம் குஷியில் கூத்தாடிக் கத்தியது:

"எவன் இழுத்தா என்னடா! இன்னைக்கு நான் பட்டினி! முழுப் பட்டினி!"