நெய்ல் பாலிஷ் பொட்டு

கோவில்பதாகை வீட்டின் ஹாலில், திறந்து கிடக்கும் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் மாலை வெயில் சாய்வாக விழுகிறது. அதன் மூளை, நான்கு கோர்களில் இரண்டைக் கம்பெனியே பூட்டி விற்ற பழைய பிராசஸர் சில்லு. பூட்டிக்கிடந்த இரண்டையும் எழுப்பி, வேகத்தையும் கூட்டி, டில்லிபாபு அதை ஆசையாக ஓட்டிவந்தான். போன வாரம் மச்சான் வேம்புலி, "ஒரே ஒரு நாள் என் மெஷின்ல போட்டுப் பாக்குறேன் மாமே" என்று கழற்றிக்கொண்டு போய், மறுநாள் தன் கையாலேயே திரும்ப மாட்டிக் கொடுத்தான். இன்று அந்த இரண்டை எழுப்பினாலே திரை கறுத்துப்போகிறது. வேம்புலி பக்கத்தில் குந்திக்கொண்டு செல்போன் டார்ச்சைப் பிடித்திருக்கிறான். "பழைய சரக்கு மாமே. நீ சூடேத்தி சூடேத்தியே அத்த சாவடிச்சிட்ட." இருக்கும் என்றுதான் டில்லிபாபுவுக்கும் படுகிறது. பிராசஸர் மேலிருக்கும் ஃபேனைக் கழற்றி, சூடு கடத்தப் பூசிய சாம்பல் நிறப் பேஸ்ட்டைப் பழைய பனியனால் மெதுவாகத் துடைக்கிறான். டீ டம்ளரோடு வந்த மனைவி நிஷா, தன் தம்பி வேம்புலியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள். "குங்குமம் உள்ள கொட்டிடும்னு, ஆயுத பூஜைக்கு இதும் மூலைல நெய்ல் பாலிஷால பொட்டு வெச்சேனே, எங்க அது?" டில்லிபாபு பிராசஸரின் நான்கு பச்சை மூலைகளையும் விரலால் தடவுகிறான். எங்கும் வழவழவென்று இருக்கிறது. மேலே பொறித்த பெயர் அதேதான், பொருள்தான் வேறு. "வெளிச்சத்த இங்க காட்டு மச்சான்" என்கிறான், தலை நிமிராமல். டார்ச் வெளிச்சம் அதற்கு முன்பே நகர்ந்து, வெறும் சுவரில் போய் நிற்கிறது.