தொப்பி கழலாத துப்பறிவாளன்

"இடுப்பு விட்டுப்போச்சு மேஸ்திரி. கொஞ்சம் மெதுவா ஏறுங்க."

காலையில் எண்பது சிமெண்டு மூட்டை இறக்கிய உடம்பு. தியேட்டர் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார் ஒத்தமூச்சு. லாரியிலிருந்து கிடங்கின் கடைசி மூலைவரை ஒரே மூச்சில் மூட்டையைக் கொண்டுபோய்ப் போடுவதால் வந்த பெயர்.

"அரை நாள் வேலைய விட்டுட்டு எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருக்க. விஷயம் என்னய்யா?"

"படத்தைப் பாருங்க. பார்த்துட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க. அது போதும்."

இருபது வருஷத்தில் கிடங்கில் ஒருத்தருக்கும் மேஸ்திரி வாயிலிருந்து அது வந்ததில்லை.

திரையில் பனிமூட்டம், குதிரை வண்டி, மங்கலான தெருவிளக்கு. நீளக் கோட்டும் தொப்பியும் போட்ட அந்தக் காலத்துத் துப்பறிவாளன், யோசிக்க நேரமில்லாமல் கூரைக்குக் கூரை தாவிக்கொண்டிருந்தான்.

"பூதக்கண்ணாடிய வெச்சுத் துப்பு தேடுவான்னு பார்த்தா, அதாலேயே மண்டையில போடுறானே! ஆமா, தலைகீழா விழுந்தாலும் தொப்பி மட்டும் கழல மாட்டேங்குது. ஆணி அடிச்சிருக்கானா?"

"மூஞ்சி தெரியாத இடமெல்லாம் நடிகர் இல்லீங்க. டூப்பு."

துறைமுகம் தீப்பிடித்தது. துப்பறிவாளன் தன்னைவிடப் பெருத்த ஓர் ஆளை முதுகில் போட்டுக்கொண்டு எரிகிற மரப்படியில் ஏறினான். மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யோவ்! முட்டிய அரை மடக்கு மடக்கி, பெருவிரல ஊணி... இது நம்ம மூட்டை நடைய்யா! சினிமாக்காரனுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"நான்தான். அது நம்ம வீட்டுப் பிள்ளை."

"உன் பையனா?"

அதற்குள் படி இடிந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீருக்குள் ஒரே குதி. தியேட்டரே விசிலடித்தது. ஒத்தமூச்சும் விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

"சிங்கம்யா! கிடங்குல அத்தனை பேர் முன்னாடியும் ஒரு சலாம் வைக்கிறேன். இது என் வாக்கு. அப்படியே வேலைக்கும் அனுப்பு. இப்படி நடக்கிற ஆளை நான் விட்டதே இல்லை."

"விட்டீங்களே."

"எவனை?"

படம் முடிந்து விளக்கு எரிந்தது. ஒத்தமூச்சு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"பையன் கடையில தராசு பிடிக்கிறான். ஸ்டூல் மேல ஏறினாலே அவனுக்குத் தலை சுத்தும். நாலு வருஷம் முன்னாடி வேலை கேட்டு ஒருத்தி வந்தா. 'பொம்பளைப் பிள்ளைக்கு இங்க என்ன வேலை'ன்னு வாசலோட அனுப்பினீங்க."

மேஸ்திரி வாய் திறந்தபடி திரையைப் பார்த்தார். அது வெறும் வெள்ளையாக இருந்தது.

"தொப்பி ஏன் கழலலைன்னு கேட்டீங்களே? உள்ள கொண்டை போட்டு, அதுல ஊசி குத்தியிருக்கா என் மக. நாளைக்கு லோடு வர்றதுக்குள்ள கூட்டிட்டு வர்றேன் மேஸ்திரி. அவளுக்கு ஒரு சலாம் பாக்கி."