வாடினால் ஒளிரும் செடி

"இப்பவே சொல்லிப்போட்டன் அம்மா. இந்தச் செடி இருட்டிலை வெளிச்சமா எரிஞ்சால் யப்பானுக்குப் போறன். எரியாட்டி இஞ்சையே நிக்கிறன். பிறகு ஒரு கதையும் இல்லை."

"உனக்கென்ன விசரே பிள்ளை? இவ்வளவு படிச்சுப்போட்டுச் செடியிட்டைப் போய்க் கேக்கிறாய்!"

றோஸ்மேரி கருவாட்டுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தாள். முல்லைத்தீவிலிருந்து பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கிளிநொச்சியில் மகள் வேலை செய்யும் அந்த ஆய்வுகூடம் முழுவதும் இப்போது கருவாட்டு வாசம்தான். அதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சமும் கவலையில்லை. கவலையெல்லாம் மகள் நிறஞ்சனாவைப் பற்றி.

யப்பானில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. இன்று பின்னேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சேதி வந்த நாளிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் போனில் ஓயாத சண்டை. "நான் செத்துக் கிடந்தாலும் ஆறுதலா, எல்லாம் முடிஞ்ச பிறகுதான் வருவாய்" என்று தாய் மூக்கைச் சிந்துவாள். மகள் போனை வைத்துவிடுவாள். தகப்பன் கொன்ஸ்ரன்ரைன் கடலோடு போன பிறகு அந்த வீட்டில் மிஞ்சியது இவர்கள் இரண்டு பேர்தான். சண்டை பிடிக்கவும் வேறு ஆள் வேண்டுமே!

"உது என்ன செடி?"

"புகையிலை. மின்மினிப் பூச்சியின்ரை மரபணுவை இதுக்குள்ளை சேர்த்திருக்கிறம்."

"மாதாவே! பூச்சியையோ?"

"பூச்சியை இல்லை அம்மா, அதின்ரை வெளிச்சத்தை. தண்ணியில்லாமல் வாடேக்கை செடிக்குள்ளை ஒரு புரதம் கூடும். முந்தியெண்டால் இலையைப் பிடுங்கி அரைச்சுத்தான் அளக்க வேணும். இப்ப செடி உயிரோடை நிக்கேக்கையே பாக்கலாம். புரதம் கூடக் கூட வெளிச்சமும் கூடும். வாட்டத்தைத் தாங்கிற செடியெண்டால் எரியாது."

"அந்த வலப்பக்கத் தட்டிலை நிக்கிறதுகள்?"

"அதுகள் சும்மா செடியள். ஒப்பிட்டுப் பாக்க வைச்சிருக்கு. ஒண்டும் சேர்க்கேல்லை."

எல்லாம் ஒரே மாதிரித்தான் வாடி நின்றன. "நீங்கள் உள்ளுக்குப் போய் இருங்கோ" என்று தாயை இருட்டறைக்கு அனுப்பிவிட்டு, நிறஞ்சனா ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். இலைகளில் வெளிச்சத்தைத் தூண்டும் மருந்தைத் தெளித்தாள். கதவைச் சாத்தினாள்.

வெளியே உச்சி வெயில் கொளுத்தியது. உள்ளே தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு.

"கண் பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும் அம்மா."

"எனக்கோ சொல்லுறாய்? விடியப்புறம் கரையிலை எத்தினை நாள் நிண்டிருப்பன். கொப்பாவின்ரை வள்ளத்து வெளிச்சம் முதல்லை கண்ணுக்குத் தெரியாது. 'அந்தா வருது' எண்டு நெஞ்சு சொல்லும். பிறகுதான் கண் பிடிக்கும். நீ என்ரை மடியிலை நித்திரையாக் கிடப்பாய்."

இருட்டில் குரல்கள் மட்டும் மிதந்தன. அறை கடற்கரையாகிவிட்டது போலவும், எங்கோ அலை அடிப்பது போலவும் நிறஞ்சனாவுக்கு இருந்தது. இந்த மதியம் இப்படியே முடியாமல் இருந்தால் எவ்வளவு நல்லது!

"அங்கை போயும் உந்தச் செடியளைத்தான் பாப்பியே?"

"நெல்லைப் பாப்பன் அம்மா. எங்கடை பக்கத்து வயலுகள் உப்புத் தண்ணியாலை சாகுதெல்லே? எந்த நெல்லு உப்பைத் தாங்குது எண்டு, பயிர் நிக்கேக்கையே ஒவ்வொரு இலையாப் பாத்துச் சொல்லலாம். அதுக்கு வேண்டிய கமரா அவையளிட்டை இருக்கு. ஒரு வயலே ராவிலை மினுங்கினால் எப்பிடி இருக்கும், நினைச்சுப் பாருங்கோ! கனவிலை கூட அதுதான் வருது..."

சட்டென்று நிறுத்தினாள். "இஞ்சையிருந்தும் ஏதும் செய்யலாம்தான்."

மகளுடைய குரல் இப்படித் துள்ளி றோஸ்மேரி கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. இருட்டில் பொதியின் கடதாசி சரசரத்தது.

"பிள்ளை!"

"என்னம்மா?"

"எரியுது!"

நிறஞ்சனா செடிப் பக்கம் குனிந்தாள்.

"உந்தா பார், அடி இலையிலை... மெல்லிய பச்சையா. தூரத்து வள்ளத்து வெளிச்சம் மாதிரி. இப்ப நடு இலையிலையும் தெரியுது. என்ன வடிவு! உனக்குத் தெரியேல்லையே?"

இருட்டில் மகளின் கை தாயின் கையைத் தேடிப் பிடித்தது.

"தெரியுது அம்மா" என்றாள் நிறஞ்சனா. குரல் உடைந்திருந்தது. "நல்லாத் தெரியுது."

"பிறகென்ன? சொன்ன சொல்லு மாறக் கூடாது. போய் அவையளுக்கு எழுது, வாறன் எண்டு."

"ஓம் அம்மா. போறன்."

லைற்றைப் போட்டபோது றோஸ்மேரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உந்த மருந்து கண்ணுக்கை பட்டிட்டுது" என்றாள். கருவாட்டுப் பொதியை மகளின் கையில் திணித்தாள். "இதையும் கொண்டு போ. அங்கை என்னத்தைத் தின்னப் போறியோ" என்று முணுமுணுத்தபடி, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலைத் தாண்டி நடந்தாள்.

தாயின் தலை மறையும்வரை நிறஞ்சனா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டியைத் தூக்கிப்போய், எடுத்த இடத்திலேயே, வலப்பக்கத் தட்டில் வைத்தாள்.

தன்னால்தான் மகள் போகாமல் நின்றாள் என்று அம்மா காலமெல்லாம் மனம் வருந்தக் கூடாது, பழி செடியோடு போகட்டும் என்று நினைத்துத்தான் அதைத் தெரிந்தெடுத்திருந்தாள். மின்மினியின் மரபணுவே சேர்க்காத அந்தச் செடி, எத்தனை வாடினாலும் எரியாது.